வண்டியை நிறுத்தும் உரிமை

ஜனவரி 8

கன்ட்ரோலர் அம்மையாருக்கு,

போனில் பேச ஆரம்பித்தால் நம் இருவரில் ஒருவர் பாதியில் வைத்துவிடுகிறோம். அது பெரும்பாலும் நான்தான் என்பாய். சரி, நானாகவே இருக்கட்டும். எதுவானாலும் எழுத்தில் இருப்பது நல்லது என்று வக்கீலும் சொல்கிறார். அதனால் எழுதுகிறேன்.

ஒரு பெரிய கார் லீசுக்கு எடுக்கப் போகிறேன். மூன்று வருடம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியது. நீ சிரிப்பாய் என்று தெரியும். ஆனால் நான் இப்போது விற்பது பழைய மாதிரி இரண்டு அறை வீடுகள் அல்ல. மொட்டைமாடியில் நீச்சல் குளம் வைத்த வீடுகள். அவற்றைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் வீட்டைப் பார்ப்பதில்லை. நான் எதிலிருந்து இறங்குகிறேன் என்று பார்க்கிறார்கள். பழைய வண்டியை அடுத்த தெருவில் ஒளித்து நிறுத்திவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டே வந்து கதவைத் திறந்தால், விலை பேசும்போது அந்த வேர்வையையும் கழித்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

லீஸ் கம்பெனிக்கு என் வருமானத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை. ஒரு மாதம் மேடு, ஒரு மாதம் பள்ளம். உன் ரயில்வே சம்பளம் தண்டவாளம் மாதிரி நேராகப் போகிறது. தனித்தனி ஊரில் இருந்தாலும் சட்டப்படி நீ இன்னும் என் மனைவி என்பதால், உன் கையெழுத்தும் இருந்தால் வண்டி தருவார்களாம். தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். மஞ்சள் சீட்டு ஒட்டிய இடங்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. படிக்க வேண்டிய அவசியம் இல்லை. எல்லாம் வழக்கமான வாசகங்கள்தான்.

ஜனவரி 15

வணக்கம்.

படித்தேன். நீங்கள் படிக்க வேண்டாம் என்று சொல்கிற எதையும் நான் படிக்காமல் விட்டதில்லை.

கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில், பொடி எழுத்தில், ஒன்று இருக்கிறது. கம்பெனி ஒப்புக்கொண்ட திருட்டுப் பாதுகாப்பு இல்லாமல் வண்டி காணாமல் போனால், கையெழுத்திட்ட இருவரும் பொறுப்பு. அந்த இருவரில் ஒருத்தி நான். வண்டியில் ஏறப் போவது நீங்கள்; தொலைந்தால் தேடப் போவது என்னையும் சேர்த்து.

என்ன பாதுகாப்பு வைக்கப் போகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. இந்த மாதிரி வண்டிகளுக்குச் சாவியைத் துவாரத்தில் போட வேண்டியதில்லை, சட்டைப் பையில் இருந்தாலே திறந்துகொள்ளும். என்னோடு வேலை பார்ப்பவரின் மைத்துனருக்கு அப்படி ஒரு வண்டி இருந்தது. சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்கியபடியே இருக்க, அதன் சிக்னலை வாசலில் நின்று ஏதோ ஒரு பெட்டியால் பிடித்து, சத்தமே இல்லாமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இன்று அந்தச் சாவி மட்டும் ஆணியில் இருக்கிறது.

வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டுகிற கருவி வேண்டும். அதை இயக்கும் உரிமை உங்கள் போனில் மட்டும் இல்லாமல் என் போனிலும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் சம்மதம் என்றால் கையெழுத்து.

அத்தை எப்படி இருக்கிறார்கள்?

ஜனவரி 23

கன்ட்ரோலர் அம்மையாருக்கு,

கருவி பொருத்தும் கடைக்குப் போய்வந்தேன். கடை என்பதைவிட கிளினிக் என்று சொல்லலாம். வெள்ளை டைல்ஸ், உட்கார ஸ்டூல், சுவரில் வயர்களின் படம். கடைக்காரர் கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டே வந்து, வண்டிக்கு என்ன வயது என்று கேட்டார். இன்னும் பிறக்கவில்லை என்றேன்.

சாவியைப் போட்டு வைக்க, சிக்னல் வெளியே போகாத ஒரு பை. ஸ்டியரிங்கில் மாட்டும் பூட்டு. இது பார்த்தவுடன் திருடனைப் பயமுறுத்துவதற்கு. அப்புறம் நீ கேட்ட கருவி. அதில் இரண்டு வகை. முதல் வகையில் போனில் பொத்தானை அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் வண்டி அங்கேயே அணைந்துவிடும். இரண்டாவது வகை சாது. வண்டி தானாக எங்காவது நின்றால்தான் அது வேலை செய்யும், மறுபடி கிளம்பவிடாது. எனக்கு முதல் வகைதான் பிடித்தது. திருடன் நடுரோட்டில் திருதிருவென்று விழிக்க வேண்டும்.

ஆனால் உன் போனில் அது இருக்க முடியாது. நான் எந்தத் தெருவில் நிற்கிறேன், யார் வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நிற்கிறேன் என்று நீ உன் ஊரில் உட்கார்ந்துகொண்டு பார்ப்பதற்கா நாம் பிரிந்தோம்? ஒரே வீட்டில் இருந்தபோது எங்கே போறீங்க என்று கேட்பாய். இப்போது கேட்காமலே தெரிந்துகொள்ள வசதி கேட்கிறாய்.

அம்மா நன்றாக இருக்கிறாள்.

ஜனவரி 30

வணக்கம்.

முதல் வகை வேண்டாம். இதில் பேச்சே இல்லை.

என் வேலையே ஓடுகிற ரயில்களை நிறுத்துவதும் நிறுத்தியவற்றை விடுவதும்தான். சிவப்பு விளக்கைப் போடுவது ஒரு நொடி. எங்கே நிற்கும், நின்றால் பின்னால் வருவது என்ன ஆகும் என்று யோசிப்பதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். வேகமாகப் போகும் வண்டி நடுரோட்டில் திடீரென்று செத்துப்போனால் திருடன் மட்டும் விழிக்க மாட்டான். பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவர்களும் உண்டு.

என் போனில் இருப்பது பற்றி. எனக்குத் தினமும் பார்க்கப் போதுமான புள்ளிகள் திரையில் நகர்ந்துகொண்டிருக்கின்றன. வீட்டுக்கு வந்து இன்னொரு புள்ளியைப் பார்க்கும் ஆசை இல்லை. வண்டி தொலைந்தால் தவிர அதைத் திறக்க மாட்டேன். இதை எழுத்தில் தருகிறேன், உங்கள் வக்கீல் சந்தோஷப்படட்டும்.

எங்கே போறீங்க என்று நான் கேட்டது வேவு பார்க்க அல்ல. சாப்பிட வருவீர்களா என்று தெரிந்துகொள்ள.

பிப்ரவரி 7

வண்டி வந்துவிட்டது. சாம்பல் நிறம். இரண்டாவது வகைக் கருவிதான் வைத்திருக்கிறது. உன் போனுக்கு அவர்கள் ஒரு எண் அனுப்புவார்கள், அதைப் போட்டால் திறக்கும்.

பார்க்க மாட்டேன் என்று நீ எழுதிய கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 4

வணக்கம்.

பார்த்தேன்.

முதல் தடவை, கருவி வேலை செய்கிறதா என்று சோதிக்க. அடுத்த தடவைக்குச் சொல்லக் காரணம் இல்லை. அதற்கப்புறம் கணக்கில்லை. கடிதத்தைக் காட்டி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

திங்கள், புதன், வெள்ளி. மதியத்தில் வண்டி ஒரே இடத்தில் நிற்கிறது, சாயங்காலம் வரை. பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்க வாசல். முதலில் நினைத்ததை எழுதிவிடுகிறேன்: யாரோ ஒரு நர்ஸ் என்று நினைத்தேன். இரண்டு நாள் அப்படியே நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன், வந்தேன். வேலையில் எந்தத் தப்பும் நடக்கவில்லை. பிறகு அந்தப் பின்வாசல் எந்தப் பிரிவுக்கு உரியது என்று விசாரித்தேன். சிறுநீரகப் பிரிவு என்றார்கள். வாரம் மூன்று நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

யாருக்கு? உங்களுக்கா?

ஏப்ரல் 10

எனக்கு இல்லை. அம்மாவுக்கு.

போன மழைக்காலத்திலிருந்தே கால் வீங்கிக்கொண்டிருந்தது. நடை குறைந்ததால் என்று நினைத்தோம். டாக்டர் இரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு நாள் கழித்து வந்தீர்கள் என்று கேட்டார். ஜனவரியிலிருந்து டயாலிசிஸ்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்றது அம்மா. "அவகிட்ட சொல்லாதடா, ஓடி வந்துடுவா. வந்தா உனக்காக வந்தாளா எனக்காக வந்தாளான்னு அவளுக்கே தெரியாமப் போயிடும்" என்றாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

வண்டி விஷயத்தில் நான் எழுதியது பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. மெஷினிலிருந்து எடுத்த பிறகு அம்மாவால் நிமிர்ந்து உட்கார முடிவதில்லை. பழைய காரில் தலையைக் கண்ணாடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டு வருவாள். பள்ளம் வரும்போதெல்லாம் ஒரு சத்தம். இந்த வண்டியின் பின்சீட் கட்டில் மாதிரி சாயும். ஷோரூமில் நான் பார்த்தது அது ஒன்றைத்தான். விற்பனையாள் இன்ஜினைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான், நான் பின்சீட்டில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இதையெல்லாம் நான் சொல்லி நீ தெரிந்துகொண்டிருக்க வேண்டும், ஒரு புள்ளி சொல்லி அல்ல. உன் பெயரைக் கருவியிலிருந்து எடுக்கச் சொன்னேன். அதற்கும் உன் கையெழுத்து வேண்டுமாம். படிவம் உள்ளே இருக்கிறது.

நீ வர வேண்டாம்.

ஏப்ரல் 16

வணக்கம்.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீங்கள் கோபப்பட்டதில் தப்பில்லை.

ஆனால் ஒன்று. நான் வேலை மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது உங்களிடமிருந்து. அத்தையிடமிருந்து அல்ல. என் அம்மா போன பிறகு எனக்குத் தலைவலி என்றால் முதலில் கண்டுபிடித்தது அவர்கள்தான். அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம். பிரிவதை மட்டும் நாம் இரண்டு பேராகவே முடிவு செய்துவிட்டோம்.

ஓடி வர மாட்டேன். கூப்பிட்டால் வருகிறேன்.

ஏப்ரல் 21

நேற்று முன்தினம் நடந்ததை உனக்கு வரிசையாகச் சொல்ல வேண்டும். அன்று போனில் நான் பேசியதில் தலையும் இல்லை, வாலும் இல்லை.

வெள்ளிக்கிழமை. மெஷினிலிருந்து எடுத்து, ஆள் வைத்து அம்மாவை வண்டியில் படுக்கவைத்தாயிற்று. கிளம்பும் நேரத்தில்தான் அவளுடைய மருந்துப் பை வார்டிலேயே இருக்கிறது என்று தெரிந்தது. அம்மா தூங்கிவிட்டாள். வெயில் கொளுத்தியது, ஏசி ஓட வேண்டும், அதனால் இன்ஜினை அணைக்கவில்லை. போன் சார்ஜில் இருந்தது. சாவி சீட்டிலேயே கிடந்தது. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று போனேன். சிக்னல் பை, ஸ்டியரிங் பூட்டு எல்லாம் வாங்கி வைத்தவன், கதவைப் பூட்டாமல் போட்டு, ஓடுகிற வண்டியைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தால் இடம் காலி. செக்யூரிட்டி சாதாரணமாக, உங்க டிரைவர் இப்பத்தான் சார் எடுத்துட்டுப் போனார் என்றார்.

ரிசப்ஷனில் இருந்த பெண், போலீசுக்குத் தகவல் சொல்லிவிட்டு, இன்னொரு போனை என் பக்கம் தள்ளி, வீட்டில் யாருக்காவது சொல்லுங்கள் என்றாள். அப்போதுதான் தெரிந்தது, எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான். என் ஆபீஸ் நம்பர்கூடத் தெரியாது.

வேலை நேரத்தில் உன் போன் லாக்கரில் இருக்கும். நீ எடுப்பாய் என்று நினைக்கவில்லை. எடுத்தாய். நீ கேட்டது ஒரே கேள்வி: "அத்தை உள்ள இருக்காங்களா?" நிறுத்து, நிறுத்து என்று நான் கத்தினேன். "இப்ப இல்ல" என்றாய். மறுபடி கத்தினேன். "இப்ப இல்லைங்க" என்று அதே குரலில் சொன்னாய். அந்த 'ங்க' எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்த நேரத்தில் உன்னை எவ்வளவு வெறுத்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டாய்.

அம்மா சொல்வது இது. கண்ணாடிக்கு நிறம் போட்டிருந்தது. அவள் சால்வை போர்த்திப் படுத்திருந்தாள். அந்த ஆள் பின்னால் பார்க்கவே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் குளிரில் விழித்திருக்கிறாள். முன்னால் இருப்பவன் நான் ஏற்பாடு செய்த டிரைவர் என்று நினைத்து, "ஏசியக் கொஞ்சம் கொறைச்சு வைப்பா" என்றிருக்கிறாள். வண்டி ஒரு தடவை தடுமாறியதாம். பிறகு ஏசி குறைந்ததாம்.

மார்க்கெட்டைத் தாண்டி, நாற்காலிக் கடை ஓரத்து சிக்னலில் வண்டி நின்றது, நின்றது நின்றதுதான். அவன் இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டு இறங்கியிருக்கிறான். போகும்போது பின்கதவைத் திறந்து, "காத்து வரட்டும்மா, உள்ளயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். போலீஸ் கேட்டபோது ஆளின் முகம் நினைவில்லை என்றுவிட்டாள் அம்மா. நினைவிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. அம்மாவுக்கும் ஒன்றுமில்லை. டாக்டர் பார்த்துவிட்டார்.

ஏன் காத்திருந்தாய் என்று மட்டும் சொல்.

ஏப்ரல் 26

வணக்கம்.

தேநீர் அறையில் இருந்தேன், அதனால்தான் போன் கையில் இருந்தது. தெரியாத நம்பர். வழக்கமாக எடுக்க மாட்டேன்.

நீங்கள் நிறுத்தச் சொல்வதற்கு முன்பே என் கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. ஆனால் வண்டி பழைய மார்க்கெட் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. அங்கே ரயில்வே கேட் இருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு சரக்கு வண்டி வரும். கேட் மூடப் போகிறது என்று தெரிந்தால் எல்லோரும் முண்டியடித்துத் தண்டவாளத்தின் மேலேயே நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். நாமே அங்கே எத்தனை தடவை மாட்டியிருக்கிறோம். அழுத்திவிட்டால், வண்டி அடுத்து எங்கே நிற்கிறதோ அங்கே செத்துவிடும். அது எந்த இடம் என்று தேர்ந்தெடுக்க முடியாது. அழுத்தாமல் இருப்பது மட்டும்தான் என் கையில் இருந்தது.

போதாததற்கு, திரையில் தெரிவது வண்டி இருக்கும் இடம் அல்ல. சற்று முன்னால் இருந்த இடம். புள்ளி கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும்போது அத்தை தண்டவாளத்தின் மேல் இருக்கலாம். இதையெல்லாம் உங்களுக்கு விளக்க வாய் வரவில்லை. அதனால் இப்ப இல்லை என்றேன். புள்ளி கேட்டின் அந்தப் பக்கம் வந்த பிறகு அழுத்தினேன், அது நின்ற இடத்தை உங்களிடம் சொன்னேன்.

அப்போதும் சரியா என்று தெரியாது. வண்டி கிளம்பாத எரிச்சலில் அந்த ஆள் அத்தையை என்ன செய்வான் என்று யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. யோசித்தேன். அழுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். இரண்டில் ஒன்று. அவன் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறவனாக இருந்தது நம் அதிர்ஷ்டம், என் கெட்டிக்காரத்தனம் அல்ல.

அத்தை கிடைத்துவிட்டார்கள் என்று நீங்கள் சொன்னதும் டூட்டிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். ஒரே வண்டியின் நம்பரை இரண்டு தடவை எழுதினேன். மேலதிகாரி பார்த்தார். எழுந்திரும்மா என்றார். நாற்காலியிலிருந்து என்னை எழுப்பிவிட்டது இதுவே முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உங்களைக் கேட்கவில்லை. அத்தையிடம் போனில் கேட்டுவிட்டேன்.

மே 4

நீ வந்துபோனதிலிருந்து அம்மாவின் பேச்சே மாறிவிட்டது. தலையணையை எந்தப் பக்கம் வைப்பது என்பதற்குக்கூட, அவ இப்படி வெச்சா என்கிறாள். நான் இத்தனை மாதம் எப்படி வைத்தேன் என்பது யாருக்கும் நினைவில்லை.

நாம் இருவரும் அன்று சமையலறையில் நின்றபடி சர்க்கரை டப்பாவைத் தேடியதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் மறுபடி பழைய இடத்துக்கே போயிருப்போம். நான் வீட்டுக்குள் இருந்தும் வீட்டில் இல்லாதவனாக இருந்தேன் என்று பிரியும்போது நீ சொன்னது உண்மைதான். உண்மை என்று தெரிவதால் அது ஒன்றும் சரியாகிவிடாது என்பதும் தெரியும்.

நீ கையெழுத்திட்ட படிவம் திருட்டு நடந்த மறுநாள்தான் கைக்கு வந்தது. இரண்டு நாள் முன்னால் வந்து நான் கொடுத்துவிட்டிருந்தால் என்ற யோசனை அடிக்கடி வருகிறது. படிவத்தை அனுப்பப் போவதில்லை. கருவி உன் போனிலேயே இருக்கட்டும். வேண்டும்போதெல்லாம் பார். இதை எழுத்தில் தருகிறேன்.

மே 11

வணக்கம்.

வேண்டாம். படிவத்தை அனுப்பிவிடுங்கள். செக்யூரிட்டி கம்பெனிக்காரர்களே கண்காணித்து நிறுத்தும் வசதி இருக்கிறதாம். அதை வாங்கிக்கொள்ளுங்கள், அவர்கள் இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருப்பவர்கள். என்னை விட நன்றாகச் செய்வார்கள்.

அன்று முதல் அந்தப் புள்ளியை என்னால் பார்க்க முடியவில்லை. அது நகர்ந்தாலும் பயம், நின்றாலும் பயம். வேலையில் இவ்வளவு நாள் எனக்கு அப்படி இருந்ததில்லை; அந்தப் புள்ளிகளுக்குள் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் படுத்துக்கொண்டிருக்கவில்லை.

எங்கே இருக்கிறீர்கள் என்று நீங்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். அது போதும்.

மே 18

படிவத்தை இன்று கொடுத்துவிட்டேன். புது ஏற்பாட்டுக்காரர்கள் நாளை வருகிறார்கள்.

திங்கள், புதன், வெள்ளி மதியம் ஆஸ்பத்திரி, உனக்கே தெரியும். செவ்வாய்க்கிழமை ஏரிக்கரையில் ஒரு வீடு காட்ட வேண்டும், கணவனுக்குப் பிடித்திருக்கிறது, மனைவி இன்னும் வாய் திறக்கவில்லை. வியாழக்கிழமை ஆபீஸ்.

வெள்ளிக்கிழமை மெஷின் முடிந்தால் அம்மாவுக்குத் திங்கள் மதியம் வரை விடுதலை. நடுவில் இரண்டு நாள் பயணம் செய்யலாம், தண்ணீர் அளவு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலை கிளம்பி உன் ஊருக்கு வரலாம் என்று அம்மா சொல்கிறாள். அம்மா சொல்கிறாள் என்று எழுதிவிட்டு அதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். நானும்தான் சொல்கிறேன்.

வரட்டுமா?

மே 22

சனிக்கிழமை எனக்குக் காலை டூட்டி, மதியம் முடியும். நீங்கள் முன்னால் வந்துவிட்டால் சாவி எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கும், சொல்லி வைத்திருக்கிறேன். வண்டியைத் தெருவில் விடாதீர்கள். குவார்ட்டர்ஸ் கேட்டுக்குள் வேப்பமரத்தின் கீழ் நிறுத்தலாம்.

அத்தைக்கு முன்னறையில் ஜன்னல் பக்கம் கட்டில் போட்டாயிற்று. டாக்டர் சொன்ன அளவுக்குத் தண்ணீர் அளந்து வைக்க ஒரு குவளையும் வாங்கியிருக்கிறேன்.

நீங்கள் எங்கே படுப்பது என்பதை வந்து பேசிக்கொள்ளலாம்.